அத்தியாயம் 6: கையில் வாரி, காலில் சப்பாத்து

நான் ஒஸ்லோவுக்கு வந்தது ஓகஸ்ட் மாதம். அடுத்த ஏப்ரலில் எங்கள் மாடிக் குடியிருப்பின் வாசற்கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. மேலே பெரிய எழுத்தில் 'டுக்னாட்', நடுவில் திகதியும் நேரமும், கீழே சருகு கூட்டும் வாரியின் படம். குப்பை வண்டி வருகிற நாளாக்கும் என்று நினைத்துக்கொண்டு மேலே போய்விட்டேன். சொன்ன நாளில் பின்னேரம் யன்னலால் எட்டிப் பார்த்தால், எட்டு மாதமாகப் படிக்கட்டில் கண்டும் காணாததுபோல் போன அத்தனை சனமும் முற்றத்தில் நிற்கிறது. ஒருவர் சருகு வாருகிறார். இரண்டு பேர் மரவாங்கிலுக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள். மூன்றாம் மாடி அம்மா கோப்பி ஊற்றிக் கொடுக்கிறா. எல்லோரும் கதைக்கிறார்கள், அதுவும் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு. நோர்வேக்காரருக்கு இவ்வளவு சிரிக்கத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் இறங்கிப் போகவில்லை. அழைப்பு இல்லாமல் போவது எப்படி என்று ஒரு கூச்சம். கதவில் ஒட்டியிருந்ததுதான் அழைப்பு என்று விளங்க இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

எங்கள் ஊரில் புது ஆள் ஒருவர் வந்தால், எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று கேட்டு, தேத்தண்ணீர் கொடுத்து, அரைமணி நேரத்தில் சொந்தம் கண்டுபிடித்துவிடுவோம். இங்கே எவரும் கேட்கமாட்டார்கள். பஸ்ஸில் உங்களுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருவார்கள். உடனே நிறவெறி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். (நிறவெறி இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு வேறு அத்தியாயம் இருக்கிறது.) மற்றவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதே இவர்களுக்கு மரியாதை. இவர்கள் முகம் பார்த்து இருந்து பழகுகிறவர்கள் இல்லை. தோளுக்குப் பக்கத்தில் தோளாக நின்று ஒரு வேலை செய்யும்போது பழகுகிறவர்கள். பஸ்ஸில் முகத்தைத் திருப்பிய அதே மனிதர் காட்டுப் பாதையில் எதிர்ப்பட்டால், முன்பின் தெரியாத உங்களுக்குத் தானாகவே 'ஹை' சொல்வார்.

ஆகவே ஆட்களைத் தேடிப் போகாதீர்கள். வேலை இருக்கிற இடத்தைத் தேடிப் போங்கள்.

சிரமதானம் தெரிந்தவருக்கு டுக்னாட் புதிதல்ல

டுக்னாட் என்பது பழைய நோர்ஸ் மொழியில் உதவி என்ற பொருளில் இருந்து வந்த சொல். கூரை வேய, வைக்கோல் எடுக்க, படகு இழுக்க அயலார் கூடிச் செய்த வேலை, முடிந்ததும் சாப்பாடு. 2004இல் மக்கள் வாக்களித்து இதையே நாட்டின் சொல்லாகத் தெரிந்தெடுத்தார்கள். கோயில் வீதியைத் துப்புரவாக்கவும் பள்ளிக்கூடக் கிணறு இறைக்கவும் சிரமதானத்துக்குப் போன எங்களுக்கு இதன் அடிப்படை விளங்கும். வேறுபாடு ஒன்றுதான். சிரமதானத்தில் வாலிபர் வேலை செய்ய, பெரியவர்கள் நிழலில் நின்று யோசனை சொல்லலாம். இங்கே யோசனை சொல்கிற பதவி கிடையாது. வைத்தியரும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே வாளியைப் பிடிக்கவேண்டும்.

வசந்தகால டுக்னாட் பெரும்பாலும் ஏப்ரல் கடைசியில் அல்லது மே முதற்பகுதியில் வரும். மே 17, அரசியலமைப்பு நாளுக்கு முன் முற்றம் சுத்தமாகவேண்டும் என்பது கணக்கு. பனி கரைந்ததும் வெளிப்படும் சருகும் சரளைக்கல்லும் கொஞ்சநஞ்சமில்லை. போகும்போது பழைய உடுப்பும் கையுறையும் போதும். வாரி, மண்வெட்டி எல்லாம் அங்கே இருக்கும். நேரத்துக்குப் போங்கள். ஆறு மணி என்றால் ஆறு மணி. போனதும் "நான் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள், அந்த ஒரு வசனத்தை மட்டும் நோர்வேஜிய மொழியில் பாடமாக்கிக்கொண்டு போனாலும் காணும். கடைசியில் சொசேஜ் சுடுவார்கள். அதில் பன்றி இறைச்சி இருக்கலாம். நீங்கள் சாப்பிடாதவர் என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், வாஃபிள் இருக்கும்.

வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுபோகலாமா? போகலாம், ஆனால் அளவோடு. நான் இரண்டாவது வருடம் போனபோது, முதல் வருடத்துக்கும் சேர்த்து ஈடுகட்டுவதுபோல் எண்பது றோல்ஸ் பொரித்துக் கொண்டுபோனேன். வந்திருந்தது இருபத்திரண்டு பேர். அவ்வளவு சாப்பாட்டைக் கண்டதும் அவர்களுக்குச் சந்தோஷத்தைவிடச் சங்கடம்தான் கூடிற்று. திருப்பி என்ன செய்வது என்ற சங்கடம். இப்போது இருபது கொண்டுபோகிறேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், அடுத்த வருடமும் கேட்பார்கள்.

பிள்ளைகள் இருந்தால் டுக்னாட் உங்களைத் தேடியே வரும். உதைபந்தாட்டக் கழகத்தில் பிள்ளையைச் சேர்த்தால், போட்டி நாளில் கியொஸ்கில் நின்று கோப்பி விற்க உங்களுக்கு முறை வரும். பாண்ட் வாத்தியக் குழுவில் சேர்த்தால் பழைய சாமான் சந்தையில் பெட்டி தூக்கவேண்டும். கழகத்துக்குக் காசு சேர்க்க ரொயிலற் பேப்பர் மூட்டைகளை அயலாருக்கு விற்கச் சொல்வார்கள். சிரிக்காதீர்கள், இது இந்த நாட்டில் வழமையான காரியம். எங்கள் பெற்றோரில் பலர் பிள்ளையை மைதானத்தில் இறக்கிவிட்டுக் காருக்குள் இருந்து போன் பார்ப்பார்கள். கழகத்துக்காரர் அதை வாயால் சொல்லமாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள். ஒரு சனிக்கிழமை கியொஸ்க் மேசைக்குப் பின்னால் நின்று பாருங்கள். வகுப்புப் பெற்றோர் பாதிப்பேருடைய பெயர் தெரிந்துவிடும்.

எங்கே போய்க் கேட்பது

ஊர்தோறும் 'ப்ரிவில்லிக்சென்ட்ரால்' என்ற தொண்டர் நிலையம் இருக்கும். 1991இல் தொடங்கிய ஏற்பாடு, இன்றைக்கு நாடெங்கும் நூற்றுக்கணக்கில். உள்ளே போய் 'எனக்கு நேரம் இருக்கிறது, மொழி கொஞ்சம்தான்' என்று சொன்னால், கோப்பி தந்து, மொழி கூடுதலாகத் தேவைப்படாத வேலை ஒன்றைக் காட்டுவார்கள். முதியவரோடு நடக்கப் போவது, சமையலுக்கு உதவுவது, சைக்கிள் திருத்துவது. இணையத்தில் தேடுவதென்றால் ப்ரிவில்லிக் டொட் நோ என்ற தளத்தில் உங்கள் இடத்துக்குக் கிட்ட உள்ளவை எல்லாம் கிடைக்கும்.

செஞ்சிலுவைச் சங்கத்தில் 'பெசோக்ஸ்வென்' என்றொரு பணி உண்டு. தனிமையில் இருக்கும் ஒருவரை முறையாகப் போய்ப் பார்த்து வருவது. மொழி பழக இதைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரியாது. தொண்ணூறு வயதுக்காரர் அவசரப்பட்டு ஆங்கிலத்துக்கு மாறமாட்டார். மொழிக்கு இன்னொரு இடம் நூலகம். பல நூலகங்களில் 'ஸ்ப்ரோக்கஃபே' என்ற மொழிச் சந்திப்பு இலவசமாக நடக்கிறது. ஒஸ்லோ மத்திய புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில், 2020இல் திறந்த டைக்மான் நூலகத்திலிருந்தே தொடங்கலாம். வேலைக்காக வந்தவர்களுக்கு அரசாங்கத்தின் இலவச மொழி வகுப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதால், அவர்களுக்கு இது இரட்டிப்புப் பயன்.

சிறுவரோடு சேர்ந்த வேலை என்றால் 'பொலித்தி அத்தெஸ்த்' என்ற பொலிஸ் சான்றிதழ் கேட்பார்கள். உங்கள்மீது சந்தேகம் என்று நினைத்து முகம் சுளிக்கவேண்டாம், எல்லோரிடமும் கேட்பார்கள். எதற்காக வேண்டும் என்ற கடிதத்தை அமைப்பே தரும். அதை வைத்து நீங்கள் விண்ணப்பிக்கவேண்டும். கட்டணம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. தொண்டு என்பது சங்கத்துக்கும் கழகத்துக்கும் அயலுக்கும் செய்வது. லாபத்துக்கு நடக்கும் கடையோ உணவகமோ 'முதலில் ஒரு மாதம் சம்பளமில்லாமல் நின்று பழகு, பிறகு பார்ப்போம்' என்று சொன்னால் அது தொண்டு இல்லை, உழைப்புச் சுரண்டல். சொல்பவர் தமிழராக இருந்தாலும் அதுதான். நானும் ஒரு இடத்தில் ஆறு கிழமை அப்படி நின்றேன். அங்கே கற்றுக்கொண்ட ஒரே பாடம் இதுதான்.

தொண்டு செய்தால் வேலை கிடைக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நேராகக் கிடைக்காது. ஆனால் விண்ணப்பத்தில் 'றெஃபெரான்ஸே' என்று இரண்டு பெயர் கேட்கும் இடத்தில், உங்களை இங்கே கண்ணால் கண்ட ஒருவரின் பெயரை எழுத முடியும். யாழ்ப்பாணத்து அதிபரின் கடிதத்தைவிட அந்தத் தொலைபேசி இலக்கம் பெறுமதியானது. ஆறு மாதம் ஒழுங்காகப் போன பிறகு ஒரு சான்றுக் கடிதம் கேளுங்கள். மறுக்கமாட்டார்கள்.

வருவேன் என்று சொன்னால் போங்கள். முடியாவிட்டால் முதல்நாளே அறிவியுங்கள். சம்பளம் இல்லாத வேலைதானே என்ற எண்ணம் இங்கே எடுபடாது.

'டூர்' என்றால் சுற்றுலா இல்லை

வேலைத்தலத்தில் திங்கட்கிழமை காலை 'சனி ஞாயிறு எங்கே போனாய்?' என்று கேட்டால், பாதிப்பேர் 'டூர் போனேன்' என்பார்கள். ஆரம்பத்தில், இந்தச் சனம் ஒவ்வொரு கிழமையும் சுற்றுலா போகிறதே, எங்கேயிருந்து இவ்வளவு காசு என்று நான் வியந்ததுண்டு. நாயைக் கூட்டிக்கொண்டு அரைமணி நேரம் நடந்தாலும் டூர்தான். பத்து நாள் பனிச்சறுக்கில் மலை கடந்தாலும் டூர்தான். ஆகவே உங்களாலும் முடியும்.

தொடங்க நல்ல இடம் சொங்ஸ்வான் ஏரி. 5ஆம் இலக்க நிலத்தடி ரயிலின் கடைசித் தரிப்பு. ஏரியைச் சுற்றி மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதல், தள்ளுவண்டியோடும் போகலாம். தமிழர் நிறைய இருக்கிற குறூருட் பள்ளத்தாக்குக்காரர் அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. றொம்சோஸ், அம்மெருட் மாடிவீடுகளின் முதுகுப்புறத்திலேயே லில்லுமார்கா காடு தொடங்குகிறது. அம்மெருட் முருகன் கோயிலுக்கு இருபது வருடமாக வந்துபோகிற ஒருவரை எனக்குத் தெரியும். கோயிலுக்குப் பின்னால் இப்படி ஒரு காடு இருப்பது போன வருடம்தான் அவருக்குத் தெரிந்தது.

குளிர்காலத்தில் இது பொழுதுபோக்கு மட்டுமல்ல. டிசெம்பரில் ஒஸ்லோவில் ஆறு மணி நேரம்தான் பகல். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்பினால் மனம் சோர்ந்துவிடும். இலங்கையில் வாழும் இலங்கையரையும் நோர்வேயில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்ட ஆய்வொன்று, இங்குள்ளவர்களின் உடலில் விட்டமின் டி குறைவு என்று காட்டியது. குளிர்கால வெயில் தோலுக்கு விட்டமின் தராது. அதற்கு வைத்தியரிடம் கேட்டு மீனெண்ணெயோ குளிசையோ எடுங்கள். ஆனால் மனதுக்கு அந்த வெயில் வெளிச்சம் தரும். மதிய இடைவேளையில் இருபது நிமிடம் வெளியே நடந்தால் வித்தியாசம் தெரியும். இருட்டில் நடக்கும்போது உடுப்பில் 'றெஃப்ளெக்ஸ்' என்ற ஒளி தெறிக்கும் பட்டி தொங்கவிடுங்கள். எங்கள் நிறத்துக்கும் எங்களுடைய கறுப்புக் குளிர்ச்சட்டைக்கும் அது கட்டாயம் வேண்டும்.

உடுப்பைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னால் போதும்: உடம்போடு ஒட்டுவது கம்பளி, பருத்தி கூடாது. எங்களுக்குப் பருத்தி என்றால் நல்ல துணி. ஊரில் வியர்வையை உறிஞ்சிக் குளிரச் செய்வதே அதன் குணம். அந்தக் குணம்தான் இங்கே எதிரி. என் முதல் ஈஸ்டர் நடையில் நான் ஜீன்ஸும் பனியனுமாகப் போனேன். ஏறும்போது வியர்த்தது, நின்றதும் உறைந்தது. கூட வந்த பெண் தன் பையிலிருந்து மாற்றுக் கம்பளிச் சட்டையை எடுத்துத் தந்து, ஒன்றும் பேசாமல் என்னைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டா. புதிதாக வாங்கினால் விலை கையைக் கடிக்கும். இரட்சணிய சேனையின் ஃப்ரெத்தெக்ஸ் கடைகளில் பழைய கம்பளி மலிவு. பனிச்சறுக்குப் பலகை, கூடாரம், முதுகுப்பை போன்றவற்றை 'பூவா' என்ற இரவல் நிலையங்கள் இலவசமாகக் கொடுக்கின்றன. பிள்ளையின் பாடசாலைப் பனிச்சறுக்கு நாளுக்குக் கடன்பட்டுப் பலகை வாங்கிய பெற்றோரைப் பார்த்தபோதெல்லாம், இதை யாரும் சொல்லவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறேன்.

காடு எல்லோருக்கும் சொந்தம், சில விதிகளோடு

1957ஆம் ஆண்டின் திறந்தவெளிச் சட்டம், காலங்காலமாக இருந்த ஒரு வழக்கத்தை எழுத்தில் கொண்டுவந்தது. 'ஆல்லெமான்ஸ்ரெத்தன்', எல்லோருடைய உரிமை. பயிர் செய்யாத காடு, மலை, கரை எதிலும் யாரும் நடக்கலாம். நிலம் தனியாருடையதாக இருந்தாலும் அப்படித்தான். வேலியும் கதியாலும் வைத்து ஒரு முழ எல்லைக்கு வழக்குப் பேசிய ஊரிலிருந்து வந்த எனக்கு இதை நம்பக் கொஞ்சக் காலம் எடுத்தது. கூடாரம் அடிக்கலாம்: ஆட்கள் இருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி, ஒரே இடத்தில் இரண்டு இரவு வரை. விதைத்த வயலுக்குள் இறங்கக்கூடாது. நிலம் உறைந்தோ பனி மூடியோ இருக்கும்போது கடக்கலாம், ஆனால் ஏப்ரல் 30 முதல் ஒக்டோபர் 14 வரை அதுவும் இல்லை. ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டுக்குள்ளும் காட்டுக்குக் கிட்டவும் நெருப்பு மூட்டத் தடை. குடும்பமாகப் போய் இறைச்சி சுடுகிற ஆசை உள்ளவர்கள் இந்தத் திகதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெர்ரிப் பழம் பறிக்கலாம். காளானும் பறிக்கலாம், ஆனால் 'ஊர்க்காளான் போலத்தானே வெள்ளையாக இருக்கிறது' என்று பறித்துவிடாதீர்கள். வெண்ணிறக் கொடுங்காளான் ஒன்று இங்கே உண்டு, ஈரலைத் தின்றுவிடும். இலையுதிர் காலத்தில் காட்டு வாசல்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் காளான் சோதிக்கும் தொண்டர்கள் மேசை போட்டு இருப்பார்கள். கூடையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒவ்வொன்றையும் எடுத்துப் பெயர் சொல்லி விளக்குவார்கள். அதுவும் ஒரு மொழி வகுப்பு, காசில்லாமல்.

கடலில் தூண்டில் போட அனுமதிச்சீட்டு வேண்டாம். ஏரிக்கும் ஆற்றுக்கும் வேண்டும். ஒஸ்லோ ஃபியோர்டில் கொட் மீன் பிடிக்க 2019 முதல் தடை உண்டு. எங்கு பிடிப்பதாக இருந்தாலும் அந்த இடத்து விதியை முதலில் பாருங்கள். மீனைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. எங்களுக்கும் இந்த நாட்டுக்கும் உறவு தொடங்கியதே கடலில். 1956இல் இங்கே வந்த அன்ரனி ராஜேந்திரம், நோர்வேக்காரரிடம் உதவி திரட்டி யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளருக்காகச் 'சீநோர்' திட்டத்தைத் தொடக்கினார். எண்பதுகளில் வந்தவர்கள் வடகோடிப் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். அங்கே சில வருடம் இருந்து ஒஸ்லோவுக்கு இறங்கிய அண்ணைமாரின் நோர்வேஜிய மொழியைக் கேட்டுப் பாருங்கள். தலைநகரில் முப்பது வருடம் இருந்த எங்களில் பலரைவிடத் திறம். சின்ன ஊரில் நோர்வேக்காரரோடு சேர்ந்து வேலை செய்யாமல் இருக்க வழியே இருக்கவில்லை.

மலைக்குப் போவதென்றால்

1868இல் தொடங்கிய நோர்வே மலையேற்றச் சங்கத்தை எல்லோரும் டிஎன்டி என்பார்கள். 500க்கு மேற்பட்ட ஹுட்டேகள், அதாவது மலைக்குடில்கள், அதனிடம் உண்டு. பாதையோரக் கற்குவியல்களில் சிவப்பு 'டி' எழுத்து அடித்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நடந்தால் வழி தவறாது. சில குடில்களில் ஆட்களே இருக்கமாட்டார்கள். அலுமாரியில் சாப்பாடு இருக்கும். எடுத்ததை எழுதிக் காசு கட்டிவிட்டு, விறகு வெட்டி அடுக்கி, தரை கூட்டிவிட்டுப் போவீர்கள் என்று நம்பி விட்டிருப்பார்கள். அந்தச் சிவப்பு எழுத்துகளை அடிப்பதும் தொண்டர்கள்தான். வழி குறிக்கும் குழுவில் சேர்ந்தால் நடையும் டுக்னாட்டும் ஒன்றாகக் கிடைக்கும். அதிகம் பேசவேண்டியதில்லை, தூரிகை பிடிக்கத் தெரிந்தால் போதும். என்னைக் கேட்டால், புதிதாக வந்த கூச்ச சுபாவக்காரருக்கு இந்த நாட்டில் இதைவிடத் தோதான இடம் இல்லை. முதலில் ஒரு முறை பார்க்கவேண்டுமென்றால் பெப்ரவரி தொடக்கத்திலும் செப்டெம்பரிலும் வரும் 'கொம் டை ஊட்' ('வெளியே வா') நாளில் போங்கள். இலவசம், குடும்பத்தோடு போகலாம்.

1967 ஈஸ்டரில் மலையில் 18 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலைவிதிகளை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தார்கள். 'க்விக் லுன்ஷ்' சொக்கலேற்றின் உறையின் உட்பக்கத்திலும் அச்சிட்டார்கள். விதிகள் ஒன்பது. எங்கே போகிறீர்கள் என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போவது, காலநிலையைப் பார்ப்பது, வரைபடம் கொண்டுபோவது எல்லாம் அதில் வரும். எங்கள் ஆட்களுக்கு நான் அழுத்திச் சொல்வது எட்டாவது விதியை: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு உச்சியில் படம் எடுக்காமல் போவதா என்ற பிடிவாதம் எங்களிடம் கூடுதல். என்னைத் திருப்பிக் கூட்டிவந்த பெண் எட்டாம் விதியைத்தான் செய்தா என்பது, பிறகு ஒருநாள் சொக்கலேற் உறையை வாசித்தபோது தெரிந்தது. வழி தவறிப் போனால் 112ஐ அழையுங்கள். தேடி வருபவர்களில் பெரும்பகுதி செஞ்சிலுவைத் தொண்டர்கள், கட்டணமும் இல்லை. சாமத்தில் படுக்கையை விட்டு எழும்பி வருகிறவர்கள் அவர்கள்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, வெள்ளிக்கிழமை கோயில், ஞாயிறு தேவாலயம் அல்லது மண்டபத்தில் ஒரு சாமத்தியச் சடங்கு என்று எங்கள் கிழமை ஏற்கெனவே நிரம்பித்தான் இருக்கிறது. அதில் எதையும் விடச் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு பின்னேரத்தைக் கழகத்துக்கும் ஒரு ஞாயிறு காலையைக் காட்டுக்கும் ஒதுக்கினால் தொடங்கலாம். இந்தப் புத்தகம் உங்கள் கைக்கு மார்ச் மாதத்தில் கிடைத்திருந்தால், இன்னும் சில கிழமையில் வாசற்கதவில் அந்தக் கடதாசி ஒட்டப்படும். நாட்காட்டியில் திகதியைக் குறித்துவிட்டு, கையுறை ஒரு சோடி வாங்கி வையுங்கள்.